மான்ஸ்ஃபீல்ட் அதிபர்களுக்கு எழுதிய கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க செனட்டில் ஆளுங்கட்சிக்குத் தலைமை தாங்கிய ஒருவர், வியட்நாம் போருக்குள் போகாதீர்கள் என்று கென்னடி, ஜான்சன் என்ற தன் சொந்தக் கட்சியின் இரண்டு அதிபர்களுக்கு ஆண்டுக்கணக்காக எழுதினார். பெயர் மைக் மான்ஸ்ஃபீல்ட். அவர் பயந்து எழுதியதில் பெரும்பகுதி நடந்தேவிட்டது. போரை மட்டும் அந்தக் கடிதங்களால் நிறுத்த முடியவில்லை. இவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுக்கான பதில்கள் கீழே.

யார் இந்த மான்ஸ்ஃபீல்ட்?

1903இல் நியூயார்க்கில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து, மான்டனா மாநிலத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். பதினான்கு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்துவிட்டார். அப்புறம் தரைப்படை, அதற்கப்புறம் மரீன் படை. மரீன் படையில் இருந்தபோதுதான் பிலிப்பைன்ஸையும் சீனாவையும் பார்த்தார். ஊர் திரும்பி பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கங்களில் வேலை செய்தார். அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்த மொரீன் என்ற பெண்தான் அவரைப் படிக்க வைத்தார். பிறகு அவரையே மணந்துகொண்டார். சுரங்கத் தொழிலாளி பேராசிரியர் ஆனார். மான்டனா பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய வரலாறு நடத்தினார். 1943இல் கீழவைக்கும் 1953இல் செனட்டுக்கும் வந்தவர், 1961 முதல் 1977 வரை செனட்டின் பெரும்பான்மைத் தலைவர். அந்தப் பதவியில் அவ்வளவு காலம் தொடர்ச்சியாக வேறு யாரும் இருந்ததில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கடிதங்களைப் படிக்க வேண்டும். ஆசியாவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர் எழுதியவை அல்ல அவை.

இன்னொரு விஷயம். பேச்சில் மனிதர் மகா சிக்கனம். தொலைக்காட்சிப் பேட்டிக்கு இவர் வருகிறார் என்றால் வழக்கத்தைவிட இரு மடங்கு கேள்விகளைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்ததாம். 'ஆமாம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார். அவரே எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக ஓடும். அவற்றை உருவாக்குவதில் அவருடைய உதவியாளர் ஃபிரான்சிஸ் வலியோவுக்கும் பெரிய பங்கு உண்டு.

நேரில் பார்த்துப் பேசக்கூடியவர் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்?

பெரும்பான்மைத் தலைவர் வெள்ளை மாளிகைக்கு அடிக்கடி போய்வருகிறவர்தான். ஆனால் கூட்டம் என்றால் அது அதிபரின் மேடை. யார் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது எல்லாம் அவர் கையில். எழுத்தில் அந்தச் சிக்கல் இல்லை, முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

இதற்குப் பழைய கதையும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு உடன்படிக்கைகளை செனட்டின் 'ஆலோசனையோடும் ஒப்புதலோடும்' அதிபர் செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, 1789 ஆகஸ்டில் பூர்வகுடிகளுடனான உடன்படிக்கை பற்றி ஆலோசனை கேட்க நேராக செனட்டுக்கே போனார். செனட்டர்களோ, குழுவுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று இழுத்தார்கள். வந்ததே வீண் என்று எரிச்சலடைந்தார் வாஷிங்டன். மறுபடியும் ஒருமுறை வந்து அந்த வேலையை முடித்தார், அதோடு சரி. அதற்குப் பிறகு இரு தரப்புக்கும் இடையே ஆலோசனை என்பது பெரும்பாலும் காகிதத்தில்தான் நடந்தது.

வியட்நாம் பற்றி எழுத ஆரம்பித்தது எப்போது?

முக்கியமான கட்டம் 1962 டிசம்பர். அதுவரை மான்ஸ்ஃபீல்ட் தென்வியட்நாம் ஆட்சியாளர் ஙோ டின் டியெமின் நண்பர். 1953இலேயே வாஷிங்டனில் அறிமுகம். 1954, 55இல் டியெமை அமெரிக்கா கைவிடக் கூடாது என்று பலமாக வாதாடியவர். இதை மறைத்துவிட்டு அவரைப் பிறவி ஞானியாகக் காட்டும் கட்டுரைகள் உண்டு, நம்ப வேண்டாம்.

1962 இறுதியில், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கென்னடி கேட்டுக்கொண்டதால், வேறு மூன்று செனட்டர்களுடன் தென்வியட்நாம் தலைநகர் சைகோனுக்குப் போனார். தூதரகத்தில் அதிகாரிகள் சொன்னதோடு நிற்காமல், அங்கிருந்த இளம் செய்தியாளர்களை அழைத்து உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்டார். இரண்டு தரப்பும் சொன்னதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிளம்பும்போது விமான நிலையத்தில் படிப்பதற்காகத் தூதரகம் ஓர் அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்தது. எல்லாம் நன்றாகப் போகிறது என்ற தொனி. அதைப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஊர் வந்து டிசம்பர் 18 தேதியிட்டு கென்னடிக்கு அறிக்கை கொடுத்தார். ஏழு ஆண்டுகளில் 200 கோடி டாலர் செலவழித்தாகிவிட்டது. ஆரம்பத்தில் இருந்த அதே சிக்கல்கள் அப்படியே இருக்கின்றன, இன்னும் கூடியிருக்கலாம் என்பது அதன் சாரம். இது வியட்நாமியர்களின் போராட்டம், நம்முடையதாக மாறிவிடக் கூடாது என்றும் எழுதினார்.

கென்னடி அதை எப்படி எடுத்துக்கொண்டார்?

கோபப்பட்டார். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில், படகில் வைத்து அறிக்கையைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்ததாம். இதை அப்படியே நான் நம்பிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நீங்கள்தானே போகச் சொன்னீர்கள் என்றார் மான்ஸ்ஃபீல்ட். சரி, மறுபடி படிக்கிறேன் என்று கென்னடி இறங்கிவந்தார். மான்ஸ்ஃபீல்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த காட்சி இது. நம் கொள்கையை இவ்வளவு முழுமையாக மறுக்கிறாரே என்று மைக் மீது கோபம் வந்தது, அவர் சொல்வது சரியென்று படுகிறதே என்று என் மீதே கோபம் வந்தது என்ற பொருளில் கென்னடி தன்னிடம் சொன்னதாக அவருடைய உதவியாளர் கென்னத் ஓடானல் எழுதியிருக்கிறார்.

படித்தார், யோசித்தார், சரி. ஆனால் 1962 இறுதியில் சுமார் 11,000 ஆக இருந்த அமெரிக்கப் படை ஆலோசகர்கள் 1963 இறுதியில் சுமார் 16,000 ஆனார்கள். எண்ணிக்கை குறையவில்லை.

உயிரோடு இருந்திருந்தால் கென்னடி படைகளைத் திரும்ப அழைத்திருப்பார் என்கிறார்களே?

1964 தேர்தல் முடிந்ததும் விலகிவிடுவேன் என்று மான்ஸ்ஃபீல்டிடம் கென்னடி சொன்னார் என்பது ஓடானல் தரும் சாட்சியம். ஆய்வாளர்கள் இன்றைக்கும் இதில் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள். தேர்தலுக்குப் பிறகு செய்கிறேன் என்று அரசியல்வாதி தனியறையில் சொல்வதை வைத்து வரலாறு எழுத எனக்குத் துணிவில்லை. 1963 ஆகஸ்டில் மான்ஸ்ஃபீல்ட் எழுதிய குறிப்பு இதைவிட முக்கியம். எப்படி ஜெயிப்பது என்பதை விட்டுவிட்டு, வியட்நாம் அமெரிக்காவுக்கு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று அடிப்படையையே அதில் கேட்டார். அந்த அரசாங்கத்துக்குள் அன்று அதிகம் பேர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நவம்பரில் டியெம் ஆட்சிக்கவிழ்ப்பில் கொல்லப்பட்டார். மூன்று வாரங்களில் கென்னடியும் போனார்.

ஜான்சனுக்கு எழுதிய கடிதங்களில் எது மிக முக்கியமானது?

என்னைக் கேட்டால் 1964 ஜனவரி 6.

கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சனும் மான்ஸ்ஃபீல்டும் பழைய கூட்டாளிகள். ஜான்சன் செனட் பெரும்பான்மைத் தலைவராக இருந்தபோது அவருக்குக் கீழே கொறடாவாக இருந்தவர்தான் மான்ஸ்ஃபீல்ட். அதனால் புதிய அதிபர் பதவியேற்ற இரண்டே வாரத்தில், டிசம்பர் 7 அன்று, முதல் குறிப்பு போய்விட்டது. தெற்கில் மட்டும் நடத்தி ஜெயிக்கக்கூடிய போராக இது இல்லாமல் போகலாம்; பிரான்ஸின் உதவியோடு சமாதானத்துக்கு வழி தேடலாம் என்று அதில் எழுதியிருந்தார். பிரெஞ்சு அதிபர் தெ கோல் அப்போது வியட்நாமை நடுநிலை நாடாக்கும் யோசனையைப் பேசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தொலைபேசியில் ஜான்சன் ஒரு வார்த்தை சொன்னார்: வியட்நாம் இன்னொரு சீனாவாக ஆகிவிடக் கூடாது. 1949இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது, 'சீனாவைத் தொலைத்தவர்' என்ற பழியை அன்றைய அதிபர் ட்ரூமன் சுமந்தது ஜான்சனுக்கு மறக்கவில்லை. ஜனவரி 6 கடிதத்தில் மான்ஸ்ஃபீல்ட் அதையே பிடித்துக்கொண்டார். இன்னொரு சீனா வேண்டாம் என்கிறீர்கள். பணிவோடு ஒன்று சேர்க்கிறேன், இன்னொரு கொரியாவும் நமக்கு வேண்டாம் என்று 1950–53 கொரியப் போரை நினைவூட்டினார். மென்று விழுங்க முடியாத அளவுக்குக் கடித்துவிட்டதுதான் இரண்டிலும் நடந்தது. திரும்பிவர முடியாத இடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்று எச்சரித்தார். அப்போது அமெரிக்கத் தரைப்படைப் பிரிவு ஒன்றுகூட அங்கே போரிடப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்: கதவு திறந்திருந்த நேரத்தில் வந்த கடிதம் இது.

அதற்குப் பதில் வந்ததா?

வந்தது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஜான்சன் அந்தக் கடிதத்தை வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா, பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி ஆகிய மூவரிடமும் கொடுத்து மறுப்பு எழுதச் சொன்னார். சில நாட்களுக்குள் மூன்றும் மேசைக்கு வந்துவிட்டன. நடுநிலை என்பது கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைப்பதற்கு இன்னொரு பெயர் என்றார்கள். பண்டி ஒருபடி மேலே போய், நாம் முதலில் கைகழுவியதாகத் தெரிந்தால் ட்ரூமனுக்கு வந்த கதி உங்களுக்கும் வரும் என்ற பொருளில் எழுதினார். ஜான்சனுக்கு எந்த நரம்பைத் தொட வேண்டும் என்று பண்டிக்குத் தெரிந்திருந்தது.

ஒரு கொள்கையை மறுக்கும் கடிதத்தை, அந்தக் கொள்கையை வகுத்தவர்களிடமே கொடுத்துப் பதில் கேட்டால் வேறு என்ன வரும்? நோயாளி இரண்டாவது டாக்டரிடம் கருத்து கேட்டுவிட்டு, அது சரியா என்று முதல் டாக்டரிடமே போய்க் கேட்பது போலத்தான். இதே நடைமுறைதான் பின்னாலும் தொடர்ந்தது. 1964 டிசம்பர் 9 அன்று, தொய்ந்துகொண்டிருக்கும் கிளையில் மேலும் மேலும் நுனிக்குப் போகிறோம் என்று மான்ஸ்ஃபீல்ட் எழுதினார். பண்டி எழுதிக்கொடுத்து ஜான்சன் கையெழுத்தில் போன பதில், அடிப்படையில் நாம் இருவரும் ஒரே கருத்துதான் என்று ஆரம்பித்து, அளவுக்கு மீறித் தலையிட்டுவிட்டோம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன் என்று முடித்துக்கொண்டது. அவமதிப்பு இல்லை, கோபம் இல்லை. நாகரிகமாக மடித்து கோப்பில் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு எழுதியவர் டோங்கின் தீர்மானத்துக்கு ஏன் ஆதரவாக வாக்களித்தார்?

நியாயமான கேள்வி. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லி, தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வந்தது. செனட்டில் 88 பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இருவர் மட்டுமே. மான்ஸ்ஃபீல்ட் அந்த 88இல் ஒருவர். அது மட்டுமல்ல, பெரும்பான்மைத் தலைவர் என்ற முறையில் தீர்மானம் அவையில் விரைவாக நிறைவேற உதவியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் தரப்பில் சொல்லக்கூடியது இதுதான்: நவம்பரில் தேர்தல், எதிரே நின்றவர் பாரி கோல்ட்வாட்டர், போர் விஷயத்தில் ஜான்சனைவிடக் கடுமையானவர். அதோடு, அதிபரின் கட்சிக்கு செனட்டில் தலைவராக இருப்பவர் வெளிப்படையாக எதிர்த்தால் பதவியை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதிபரிடம் உண்மையைச் சொல்வது, வெளியே அவருக்குத் துணை நிற்பது என்று தனக்கு ஒரு எல்லையைப் போட்டுக்கொண்டார். அந்த எல்லை அவரை நேர்மையானவராக வைத்திருந்தது. அவருடைய சொல்லுக்கு எடையில்லாமல் செய்ததும் அதுதான் என்பது என் கருத்து. கடைசியில் ஆதரவாகவே வாக்களிப்பார் என்று தெரிந்த ஆளின் கடிதத்துக்கு எந்த அதிபர் பயப்படுவார்?

1965 ஜூலை 27 அன்று என்ன நடந்தது?

பிப்ரவரியில் பிளெய்க்கு முகாமில் எட்டு அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டதும் பதிலடிக் குண்டுவீச்சு பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் மான்ஸ்ஃபீல்ட் ஒருவர்தான் வேண்டாம் என்றார். மார்ச்சில் மரீன் படை டா நாங்கில் இறங்கியது. ஜூலையில் பெரும்படை அனுப்பலாமா என்ற முடிவு. முடிவு எடுத்தாகிவிட்டது; நாடாளுமன்றத் தலைவர்களைக் கூப்பிட்டுத் தெரிவிக்கும் சடங்குதான் பாக்கி.

27ஆம் தேதி மாலை அமைச்சரவை அறையில் ஒவ்வொருவராக ஆதரவு சொல்லிக்கொண்டு வந்தார்கள். மான்ஸ்ஃபீல்ட் எழுதிவைத்திருந்த தாளை எடுத்தார். பேசாமல் இருந்தால் எனக்கே நான் உண்மையாக இருக்க மாட்டேன் என்று தொடங்கினார். தென்வியட்நாம் தன்னைத்தானே காத்துக்கொள்ள உதவுவோம் என்பதுதான் நாம் கொடுத்த வாக்கு. அதன் பிறகு அங்கே முறையான அரசாங்கமே இல்லை. இப்போது இருப்பவர்களுக்கு நாம் எந்தக் கடனும் படவில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நீளும் போரை நம் மக்கள் தாங்க மாட்டார்கள். போரை ஒருமுறை தீவிரப்படுத்தினால் அது அடுத்த தீவிரத்தைப் பெற்றுப்போடும் என்றார். சொல்லி முடித்துவிட்டு, அதிபருக்குத் துணை நிற்பேன் என்றும் சொன்னார்.

அதே நாள் இன்னொரு குறிப்பும் போனது. ரிச்சர்ட் ரஸல், ஃபுல்பிரைட், ஸ்பார்க்மன், ஐக்கன், கூப்பர் என்ற ஐந்து மூத்த செனட்டர்களுடன் உட்கார்ந்து பேசியதன் சுருக்கம் அது. இரு கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள். வியட்நாமில் மேலும் ஆழமாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே பொதுக் கருத்து. மறுநாள் ஜூலை 28, ஜான்சன் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, படைபலத்தை 75,000இலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். அந்த ஆண்டு முடிவில் அது சுமார் 1,84,000. 1969இல் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

வெளிப்படையாக எதிர்த்திருந்தால் போர் நின்றிருக்குமா?

நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஃபுல்பிரைட் அந்த வழியில் போய்ப் பார்த்தார். வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த அவர் 1966 பிப்ரவரியில் தொலைக்காட்சி முன்னால் விசாரணைகள் நடத்தினார். போரைக் கேள்வி கேட்பது தேசத்துரோகம் அல்ல என்று நடுத்தர வர்க்கத்துக்குத் தெரியவந்தது. அதற்கு விலையாக வெள்ளை மாளிகைக் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. மான்ஸ்ஃபீல்டுக்குக் கதவு கடைசிவரை திறந்தே இருந்தது. உள்ளே போய்ச் சொன்னார், கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இருவரில் ஃபுல்பிரைட் செய்ததுதான் நாட்டுக்கு அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன். ஆனால் மான்ஸ்ஃபீல்ட் கோழை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜான்சனின் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வது சாதாரணக் காரியமாக இருக்கவில்லை.

ஜான்சன் ஒருமுறையாவது அவர் பேச்சைக் கேட்டாரா?

1968 மார்ச் 27 மாலை மான்ஸ்ஃபீல்டை வரவழைத்து, நான்கு நாள் கழித்து ஆற்றப்போகும் உரையின் வரைவைப் படித்துக் காட்டினார். வியட்நாமில் அமெரிக்கப் படைத் தளபதியாக இருந்த வெஸ்ட்மோர்லண்ட் கேட்ட கூடுதல் படைகளை அனுப்பவே கூடாது என்றார் மான்ஸ்ஃபீல்ட். மார்ச் 31 உரையில் குண்டுவீச்சைக் குறைப்பதாகவும், மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் ஜான்சன் அறிவித்தார். இதைக் கடிதங்களின் வெற்றியாகக் கணக்கு வைக்கக் கூடாது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கம்யூனிஸ்டுகள் தெற்கு முழுவதும் நடத்திய டெட் தாக்குதலும், ஜான்சனின் சொந்த ஆலோசகர்கள் மனம் மாறியதும்தான் அவரைத் திருப்பின.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த நாட்களிலேயே குண்டுகள் எதிர்பார்த்ததைவிட வடக்கே விழுகின்றன என்று ஃபுல்பிரைட் செனட்டில் குற்றம் சாட்டியபோது, 20ஆவது அட்சரேகை வரை குண்டுவீச்சு இருக்கும் என்று அதிபர் என்னிடம் சொல்லியிருந்தார் என எழுந்து ஜான்சனைக் காப்பாற்றியவரும் மான்ஸ்ஃபீல்ட்தான்.

நிக்சன் காலத்தில்?

நிக்சனுடன் காலைச் சிற்றுண்டிச் சந்திப்புகள் நடந்தன, குறிப்புகளும் போயின. ஆனால் இப்போது அதிபர் எதிர்க்கட்சி. 1970இல் கம்போடியாவுக்குள் படை நுழைந்ததும் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1971 ஜூனில் ஒன்பது மாதத்துக்குள் படைகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அவருடைய திருத்தம் செனட்டில் 57க்கு 42 என்று நிறைவேறியது.

வேறு செனட்டர்களும் இப்படி எழுதியிருக்கிறார்களா?

நிறையப் பேர். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் ஜெனரல் ஃப்ரிமான்ட் மிசூரி மாநிலத்தில் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளை விடுவித்து ஆணையிட்டார். லிங்கன் அதை மாற்றினார். லிங்கனின் பழைய நண்பரான இல்லினாய் செனட்டர் ஆர்வில் பிரௌனிங் கோபமாகக் கடிதம் எழுதினார். லிங்கன் செப்டம்பர் 22 அன்று அந்தரங்கம் என்று குறித்து நீண்ட பதில் எழுதினார். அடிமைமுறை இருந்தும் பிரிந்து போகாத கென்டக்கியை இழப்பது ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் இழப்பதற்குச் சமம் என்ற வரி அதில்தான் வருகிறது. அதிபர் தானே உட்கார்ந்து எழுதிய பதில் என்பதைக் கவனியுங்கள். பண்டி எழுதிக்கொடுத்த பதில்களையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

அந்தரங்கக் கடிதங்கள் எப்படி வெளியே வந்தன?

செனட்டரின் காகிதங்கள் அவருடைய சொந்தச் சொத்து. அதிபர்களின் காகிதங்களும் முன்பு அப்படித்தான் இருந்தன. 1978இல் வந்த சட்டம்தான் அவற்றை அரசு உடைமை ஆக்கியது. மான்ஸ்ஃபீல்டின் காகிதங்கள் மிசூலாவில் மான்டனா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்துக்கே மொரீன், மைக் இருவர் பெயரும் வைத்திருக்கிறார்கள். அதிபர்கள் பக்கத்துப் பிரதிகள் பாஸ்டனில் கென்னடி நூலகத்திலும் ஆஸ்டினில் ஜான்சன் நூலகத்திலும் உள்ளன. முக்கியமானவற்றை அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் ஆவணத் தொகுதிகளில் அச்சிட்டு, இணையத்தில் இலவசமாகவும் போட்டிருக்கிறது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வெளியுறவுத் துறைத் தொகுதிகளில் வியட்நாம் 1964, 1965 என்று இருப்பவற்றை எடுங்கள். முதலில் ஜனவரி 6 கடிதம். கூடவே ரஸ்க், மெக்னமாரா, பண்டி மூவரின் மறுப்பையும் விடாமல் படியுங்கள். பின்னால் நடந்தது நமக்குத் தெரிந்துவிட்டதால் அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கத் தோன்றும்; அவர்கள் வாதம் அன்றைக்கு எவ்வளவு திடமாகத் தெரிந்திருக்கும் என்பது வரிவரியாகப் படித்தால்தான் பிடிபடும். பிறகு 1964 டிசம்பர் 9, அப்புறம் 1965 ஜூலை 27 கூட்டத்தின் குறிப்புகள். நேரம் குறைவு என்றால் கூட்டக் குறிப்பை மட்டும் படித்தாலும் போதும், சில பக்கங்கள்தான்.